நாலு கோடு இருக்கு, நெட் இல்லை!

மாமல்லபுரத்தில் எங்கள் வீட்டு முன்கட்டு அப்பாவின் சிற்பப் பட்டறை. பின்கட்டு என் 'ஆபீஸ்'. நடுவே ஆளுயரக் கருங்கல் நந்தி. வைஃபை தாண்டுமா? பழைய ரூட்டர் ஒன்றை ரிப்பீட்டராக்கி என் மேஜையிலேயே வைத்தேன். போனில் நாலு கோடும் ஜம்மென்று நின்றன. நெட்? ம்ஹூம்!

பத்து மணிக்கு மீட்டிங். 'இன்னொரு தடவை பாதியில காணாமப் போனா, சென்னைக்கே வந்துடு' என்று மேனேஜர் எச்சரித்திருந்தார்.

ரூட்டர், ரிப்பீட்டர் இரண்டுக்கும் 192.168.1.1 என்று ஒரே விலாசம்; மாற்றினேன். ஐ.பி. எண் வழங்கும் வேலையை ரூட்டரிடமே விட்டேன். அசையவில்லை.

அப்பா எட்டிப் பார்த்தார். "காதே கேக்காத இடத்துல நின்னுக்கிட்டு அது என்னத்தடா திருப்பிச் சொல்லும்?"

அட! நாலு கோடு போனுக்கும் ரிப்பீட்டருக்கும்தான். ரிப்பீட்டருக்கும் ரூட்டருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை! நடு ஜன்னலுக்கு மாற்றினேன். வந்துவிட்டது. ஒரே சேனலில் வாங்கி அதிலேயே அனுப்புவதால் வேகம் பாதிதான். மீட்டிங்குக்குப் போதும்.

"அங்கே என்னப்பா டொக் டொக்னு?" என்றார் மேனேஜர்.

"நந்திக்குக் கொம்பு, சார்!"