அம்மா எப்ப வரும் மாமா?

'பொம்மைப் படம் பார்த்தது போதும், போனைக் கீழே வை!' - பிள்ளைகள் இருக்கிற எல்லா வீட்டிலும் தினமும் கேட்கிற குரல்தான் இது. அதே பொம்மைப் படங்களைக் காட்சி காட்சியாக நிறுத்திப் பார்த்து, வருடக்கணக்கில் ஆராய்ந்து, தடிமனான புத்தகங்கள் எழுதுகிற பேராசிரியர்கள் இருக்கிறார்கள் என்றால் எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கம் பலரும் சிரிப்பார்கள். ஜப்பானின் 'அனிமே' படங்களுக்கு அப்படி ஒரு தனிப் படிப்பே இருக்கிறது. எம்.ஏ. ஆங்கிலம் படித்த காலத்தில் அதில் கொஞ்சம் படித்தேன். அது பரீட்சைக்கு உதவியதோ இல்லையோ, வாழ்க்கைக்கு உதவியது.

என் அக்கா குடும்பம் கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் இருக்கிறது. இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஐந்து. ஒரு மழைக்காலத்தில் அக்கா நோயில் படுத்தாள். கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வாரங்கள் ஓடின. பிள்ளைகள் மேலே பாட்டியிடம். ஞாயிறுதோறும் நான் போய் அவர்களைப் பஸ்ஸில் கீழே அழைத்து வருவேன்.

"அம்மா எப்ப வரும் மாமா?" என்று சின்னவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். "சும்மா காய்ச்சல்தான், நாளைக்கே வந்துரும்" என்பார் பாட்டி. பெரியவள் எதுவுமே கேட்கவில்லை. தங்கைக்குத் தலை வாரினாள், சாதம் ஊட்டினாள், பாத்திரம் கழுவினாள். 'எவ்வளவு பொறுப்பு பாரு!' என்று உறவினர்கள் மெச்சினார்கள். எனக்கு அந்த அமைதிதான் பயமாக இருந்தது.

அப்போதுதான் அவர்களுக்கு 'மை நெய்பர் டோட்டோரோ' படத்தைப் போட்டுக் காட்டினேன். ஹயாவோ மியாசாகி இயக்கி 1988-ல் வெளிவந்த படம். ஆஸ்பத்திரியில் இருக்கும் அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று அப்பாவோடு கிராமத்துக்குக் குடிவரும் இரண்டு சிறுமிகளின் கதை. காட்டில் டோட்டோரோ என்ற பெரிய, புசுபுசுவென்ற உயிரினம் அவர்களுக்குத் துணையாகிறது. வில்லன் இல்லை, சண்டை இல்லை. அம்மா ஊருக்கு வருவது தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். அதுவரை பெரிய மனுஷிபோல நடந்துகொண்ட அக்கா சாட்சுகி, அம்மா செத்துப்போய்விட்டால் என்ன செய்வது என்று வாய்விட்டு அழுகிறாள்.

அந்த இடத்தில் எங்கள் வீட்டுப் பெரியவளும் அழுதாள். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அன்றுதான் முதன்முறையாக.

அமெரிக்கப் பேராசிரியர் சூசன் நேப்பியர் 2018-ல் 'மியாசாகிவேர்ல்ட்' என்ற புத்தகம் எழுதினார். இயக்குநரின் வாழ்க்கையையும் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிற புத்தகம் அது. மியாசாகியின் அம்மா முதுகெலும்புக் காசநோயால் பல வருடங்கள் படுத்த படுக்கையாக இருந்தவர். அது தொடங்கியபோது மகன் சின்னப் பையன். ஆக, அந்த ஆஸ்பத்திரி அறை கற்பனையில் மட்டும் பிறந்ததல்ல.

இன்னொரு தகவலும் உண்டு. முதலில் கதையில் ஒரே சிறுமிதான் இருந்தாள். பிறகுதான் அவளை இரண்டாகப் பிரித்தார் மியாசாகி. சாட்சுகி, மெய் இரண்டு பெயர்களுக்குமே மே மாதம் என்றுதான் பொருள். எனக்கு இது இப்படித்தான் படுகிறது: நோயாளி இருக்கிற வீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்குள்ளும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருத்தி பொறுப்பாக இருக்கிறாள். இன்னொருத்தி அழுகிறாள். நாம் முதலாமவளை மட்டும் பாராட்டிக்கொண்டே இருந்தால், இரண்டாமவள் எங்கே போவாள்?

தாமஸ் லமார் என்ற ஆய்வாளர் 2009-ல் எழுதிய 'தி அனிமே மெஷின்' படங்கள் நகரும் விதத்தைப் பற்றியது. ரயிலின் முன்னால் இருந்து நேராகப் பார்த்தால் உலகம் நம் மேல் பாய்ந்து வரும். பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் காட்சி அடுக்கடுக்காக விலகும். தனித்தனித் தாள்களில் வரைந்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வேகத்தில் நகர்த்தும் அனிமேஷனுக்கு இந்தப் பக்கவாட்டுப் பார்வைதான் இயல்பு என்கிறார் அவர். இலக்கை நோக்கிப் பாயாமல் உலகத்தைப் பார்க்க மியாசாகி அதைப் பயன்படுத்துகிறார் என்பது அவர் வாதம்.

இதைச் சின்னவள் ஒரே வரியில் சொன்னாள். கோமுகி அணைப் பக்கம் இறங்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள், "மாமா, மரமெல்லாம் ஓடுது, மலை மட்டும் நம்மகூடவே வருது!" என்றாள்.

2002-ல் அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டிடம் பேசியபோது மியாசாகி கைகளைத் தட்டிக் காட்டி, இரண்டு தட்டலுக்கு நடுவில் இருக்கும் இடைவெளிக்கு ஜப்பானிய மொழியில் 'மா' என்று பெயர் என்றார். டோட்டோரோவில் மழையில் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் காட்சி அப்படிப்பட்டதுதான். நம் ஊர்ச் சினிமாவில் அந்த இடத்தில் ஒரு பாட்டு வந்திருக்கும். இங்கே குடையில் மழைத்துளி விழுகிறது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாள்களில் அந்தக் காட்சிதான் எனக்குத் துணை. காத்திருப்பதும் வாழ்க்கையில் ஒரு பகுதிதான், அதை வேகமாக ஓட்டிவிட முடியாது.

அடுத்த ஞாயிறு பஸ்ஸில் பெரியவள் முதன்முறையாகக் கேட்டாள். "அம்மாவுக்குச் சரியாயிடுமா மாமா?"

"எனக்குத் தெரியல பாப்பா. டாக்டர் பார்த்துட்டு இருக்கார். என்ன சொன்னாலும் உன்கிட்ட மறைக்காம சொல்லுறேன்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

படத்தில் சின்னவள் மெய், தோட்டத்து மக்காச்சோளக் கதிர் ஒன்றை அம்மாவுக்குக் கொடுக்கத் தனியாகக் கிளம்பித் தொலைந்துபோவாள். நம் மாவட்டத்தில் மக்காச்சோளத்துக்கா பஞ்சம்! எங்கள் சின்னவளும் ஒரு கதிரைப் பையில் வைத்துக் கொண்டுபோய் அக்கா தலையணைப் பக்கத்தில் வைத்தாள். நர்ஸ் எடுக்கச் சொல்லவில்லை.

அக்கா இப்போது வீட்டில் இருக்கிறாள். போன மாதம் பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தாள். சாட்சுகி அழும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, பெரியவளைப் பார்த்து, "நீயும் இப்படி அழுதியாடி?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றாள் அவள், வெட்கமில்லாமல்.