வாங்குறதா, செய்யுறதா?

இந்தக் கட்டுரையில் 'நான்' இல்லை. நாங்கள் மூன்று பேர். யாழ். பல்கலைக்கழகக் கலைப்பீடம், மூன்றாம் வருடம். மூவருமே தீவுப்பகுதி. எங்களில் ஒருவரின் அப்பா சீவல் தொழில் செய்கிறார். அது யார் என்று எழுதுவதில்லை என மூவரும் பேசி முடிவெடுத்தோம். ஏன் என்பது வாசிக்க விளங்கும்.

கதை பியரில் தொடங்கியது. பியர் விலை மாணவர் கைக்கு எட்டாத இடத்துக்குப் போன பிறகு, எங்களில் ஒருவர் போனில் ஒரு வீடியோ காட்டினார். வெளிநாட்டில் ஒருவர் தன் வீட்டுக் குசினியிலேயே பியர் செய்கிறார். பக்கத்தில் ஒரு பெட்டிச் சாமான்: குழாய் பூட்டிய வாளி, மூடியில் செருகிய ஒரு சின்ன வளைகுழாய், ஹைட்ரோமீற்றர், வெப்பமானி, ஈஸ்ற் பக்கற். எல்லாம் ஒரே பெட்டிக்குள். விலையைப் பார்த்தோம். மூன்று பேரின் மஹாபொலவையும் சேர்த்தாலும் காணாது.

அன்றிலிருந்து மூன்று கிழமை எங்களுக்கு வேறு கதை இல்லை. வாங்குறதா, செய்யுறதா?

செய்யலாம் என்பதுதான் முதல் முடிவு. மூடியில் இருக்கும் அந்த வளைகுழாய் பெரிய வித்தை இல்லை. புளிக்கும்போது கரியமிலவாயு வெளியே போகவேண்டும், வெளிக்காற்று உள்ளே வரக்கூடாது. அவ்வளவுதான் அதன் வேலை. மீன்தொட்டிக் கடையில் ஒரு முழம் ரியூப் வாங்கி, ஒரு நுனியை வாளி மூடியில் செருகி, மற்ற நுனியைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் விட்டால் அதே வேலை நடக்கும். வாளி ஹாட்வெயாரில் கிடைக்கும். ஆனால் இரண்டு இடத்தில் இடித்தது. ஒன்று சூடு. சாதாரண பியர் ஈஸ்ற் இருபது பாகை அளவில்தான் ஒழுங்காக வேலை செய்யும். எங்கள் ஊரில் சித்திரை மாதத்தில் இருபது பாகை ஃபிரிஜ்ஜுக்குள்தான் இருக்கும். மற்றது பார்லி. முளைக்கவைத்து உலர்த்திய பார்லி இல்லாமல் பியர் இல்லை. அது யாழ்ப்பாணத்தில் எந்தக் கடையில் கிடைக்கும்?

சட்டமும் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் உற்பத்தி செய்வது இலங்கையில் குற்றம். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச்சட்டம் வெள்ளைக்காரர் போட்டது, இன்றைக்கும் அதுதான் அடிப்படை. அதே வெள்ளைக்காரர் தங்கள் நாட்டில் 1963இலேயே வீட்டு பியருக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். அமெரிக்கா 1978இல் விட்டது. அதே 1978இல்தான் இங்கே பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்கே தடை. இங்கே கள்ளு இறக்கலாம், ஆனால் அனுமதியோடு. எழுபதுகளில் சீவல் தொழிலாளர்களுக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்த பிறகு, சங்கத்துக்கு ஊடாகத்தான் பெரும்பாலும் அது நடக்கிறது.

இதையெல்லாம் கன்ரீன் வாசலில் இருந்து கதைத்துக்கொண்டிருந்த ஒரு நாள், அதுவரை கனக்கக் கதைக்காமல் இருந்த எங்களில் ஒருவர் சொன்னார்:

"உந்த வாளி, ரியூப் ஒண்டும் தேவையில்லை. எங்கட வீட்டில ஒவ்வொரு நாளும் நுரைக்கிற சாமான் கிடக்கு."

"என்ன சாமான்?"

"கள்ளு. அப்பா சீவுறவர்."

முதலாம் வருடத்திலிருந்து ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள். அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் அதுவரை வந்த பதில் 'கமம்'. மூன்று பேரும் கொஞ்ச நேரம் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கே. டானியலின் நாவல்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் நாங்கள். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்தது என்ன, தேநீர்க் கடைகளில் தனிப் பேணி எப்படி ஒழிந்தது என்றெல்லாம் எங்களுக்குத் தெரியும். கூட இருந்த ஒருவர் மூன்று வருடம் ஏன் 'கமம்' என்று சொன்னார் என்பதுதான் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை போனோம். பண்ணைப் பாலத்தால் பஸ் போனது. அதற்கு மேல் வழி சொல்லமாட்டோம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா இரண்டு சோடாப் போத்தலை மேசையில் வைத்தார். கடையில் வாங்கி, மூடி உடைக்காமல். சோடா எதற்கு என்று எங்களுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வாற ஆக்கள் தங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிப்பார்களோ மாட்டார்களோ என்று நினைத்து வாங்கி வைத்திருக்கிறார்.

"அம்மா, தண்ணியைக் குடுங்கோ" என்றார் எங்கள் கூட்டாளி.

தீவில் நல்ல தண்ணீர் என்பதே பெரிய சாமான். பாதிக் கிணறு உவர். தூரத்தில் இருந்து கொண்டுவந்து குடத்தில் வைத்திருந்த தண்ணீர் செம்பில் வந்தது. எங்களில் ஒருவரின் கை ஒரு நொடி நின்றது. குடிக்கக்கூடாது என்று நினைத்து நிற்கவில்லை. பழக்கம். அந்தக் கைக்கு வீட்டில் சின்ன வயதில் யாரோ சொல்லிக் கொடுத்தது. பிறகு குடித்தோம். அந்த ஒரு நொடியை அம்மா கண்டாரா என்று இன்றுவரை கேட்கவில்லை.

இவர்கள் இறக்கிய கள்ளை ஊரே குடிக்கும். பிளாவில் ஊற்றிக் கொடுத்தால் இரண்டு கையாலும் ஏந்திக் குடிப்பார்கள். ஆனால் இவர்கள் வீட்டுக் குடத்துத் தண்ணீர் ஆகாது. இந்தக் கணக்கை எந்த ஹைட்ரோமீற்றராலும் அளக்க ஏலாது.

ஐயா பின்னேரச் சீவல் முடித்து வந்தார். நாங்கள் வந்த காரணத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"மூடி போட்டு அடைச்சு வைக்கிற சாமானோ? கள்ளை அடைச்சா வெடிக்குமெல்லே பிள்ளையள்."

நாங்கள் நம்பவில்லை. ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி இறுக்கி மூடி, குசினி மூலையில் வைத்தோம். பிளாஸ்ரிக் போத்தலிலும் ஒன்று. இருட்ட முதல் பிளாஸ்ரிக் போத்தல் கல்லுப்போல இறுகிவிட்டது. இரவு கண்ணாடிப் போத்தல் வெடித்தது. ஒருவருக்கும் காயம் இல்லை, சுவர்தான் நனைந்தது. வீட்டில் எதையாவது புளிக்கவைப்பவர்களுக்கு எங்கள் முதல் புத்தி இது: கண்ணாடியை இறுக்கி மூடாதேயுங்கோ. பிளாஸ்ரிக் போத்தல் என்றால் கையால் அமுக்கிப் பார்த்து, காற்றைத் திறந்துவிடலாம்.

அடுத்த நாள் விடிய ஐயா எங்களுக்கு ஒரு பாடம் எடுத்தார். அவர் அதைப் பாடம் என்று நினைக்கவில்லை. பியர் செய்பவர் எல்லாவற்றையும் கொதிக்கவைத்து, கழுவி, கிருமி இல்லாமல் ஆக்கிப் பிறகு ஈஸ்ற் போடுகிறார். பனையில் அப்படி இல்லை. பாளையில் இருந்து சொட்டுச் சொட்டாக விழும்போதே முட்டிக்குள் புளிக்கத் தொடங்கிவிடும். முட்டியின் சுவரில் ஒட்டியிருக்கும் பழைய கள்ளின் மிச்சம்தான் உறை, தயிருக்கு உறைமோர் மாதிரி. புது முட்டி என்றால் முதல் நாள்களில் சரியாக வராது என்றார். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது. அது கருப்பநீர். குடிக்கலாம், காய்ச்சிப் பனங்கட்டி ஆக்கலாம்.

நாங்கள் காசு கொடுத்து வாங்கிய ஒரே சாமான் ஹைட்ரோமீற்றர். சீனி கரைந்திருந்தால் நீர் தடிக்கும், அது மேலே மிதக்கும். சீனி மதுசாரமாக மாற மாற அது தாழும். முதல் அளவுக்கும் கடைசி அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை 131ஆல் பெருக்கினால் மதுசார வீதம் கிட்டத்தட்ட வரும். ஆனால் கள்ளுக்கு முதல் அளவு எடுக்க ஏலாது. மரத்தில் இருந்து இறங்க முதலே அது பாதி வழி போயிருக்கும். இதை ஐயாவிடம் சொன்னோம். அவர் ஒரே மரத்தில் ஒரு முட்டிக்குச் சுண்ணாம்பு தடவி, மற்றதுக்குத் தடவாமல் கட்டினார். காலமை கருப்பநீர் 1.050 காட்டியது, பக்கத்து முட்டிக் கள்ளு 1.015. வித்தியாசம் 0.035. பெருக்கினால் நாலரை வீதம். சுண்ணாம்பு கணக்கைக் கொஞ்சம் குழப்பும்தான், ஆனாலும் கிட்டத்தட்டச் சரி. நாங்கள் போனில் பெருக்கி முடிக்க முதல் ஐயா ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இனிப்புக் கிடக்கு, மத்தியானம் குடிச்சா சரி" என்றார். மத்தியானம் திரும்ப அளந்தோம். 1.008.

பிறகு ஒரு உபயோகமான வேலை செய்தோம். சீசனில் கள்ளு கூடும். சங்கம் எடுப்பதற்கு மேல் மிஞ்சுவது பின்னேரத்துக்குள் புளித்துப்போகும், பிறகு ஊற்றத்தான் வேண்டும். அதை வினாகிரி ஆக்கலாமா? சங்கத்தில் கேட்டுவிட்டு, விற்பதற்கில்லை, வீட்டுச் சமையலுக்கு மட்டும் என்று தொடங்கினோம். இங்கேதான் எங்கள் மூன்று கிழமை விவாதம் தலைகீழானது. வினாகிரிக்கு வேலை செய்யும் நுண்ணுயிருக்குக் காற்று வேண்டும். நாங்கள் வாங்க நினைத்த பெட்டியின் பெருமையே காற்றை உள்ளே விடாத அந்த வளைகுழாய்தான்! எங்களுக்குத் தேவைப்பட்டது வாயகன்ற ஒரு பானையும், பூச்சி விழாமல் மேலே கட்ட ஒரு பழைய வேட்டித் துண்டும். இரண்டும் அந்த வீட்டிலேயே இருந்தன. ஒரு மாதத்தில் மேலே மெல்லிய ஆடை படிந்தது. ஆறு கிழமையில் மணம் மூக்கில் ஏறியது. வடித்துப் போத்தலில் விட்டோம்.

பானையைக் கட்டி வைத்த அன்று ஐயா திண்ணையில் இருந்து தளநாரைத் திருத்திக்கொண்டு கேட்டார்:

"நீங்கள் படிச்ச பிள்ளையள். மரம் ஏற ஒரு மெஷின் செய்து தர ஏலாதோ?"

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

ஐம்பது அறுபது அடி மரம். விடிய ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா. ஒவ்வொரு முறையும் பாளையைச் சீவ வேண்டும், ஒரு நாள் விட்டாலும் ஊறுவது குறையும். காய்ச்சல் என்றாலும் ஏற வேண்டும், மழை பெய்து மரம் வழுக்கினாலும் ஏற வேண்டும். நெஞ்சு முழுக்க மரம் தேய்த்த தழும்பு. மூன்று கிழமை நாங்கள் எது வாங்கலாம், எது செய்யலாம் என்று கதைத்தோமே, அந்தப் பட்டியலில் மரம் ஏறுவது இல்லை. அந்த வீடியோவில் வந்தவருக்கு அது தேவையில்லை. பார்லி பக்கற்றில் வரும். எங்களுக்கு மூலப்பொருள் ஒரு மனிதர் உயிரைப் பிடித்துக்கொண்டு ஏறினால்தான் வரும்.

தேடிப் பார்த்தோம். இந்தியாவில் மரம் ஏறும் கருவிகள் விற்கிறார்கள். நாங்கள் பார்த்தவை தென்னைக்குச் செய்தவை. பனையின் அடி பருமன், மேலே போகப் போக ஒடுங்கும், உடம்பு கரடு. ஏறும்போதே அளவை மாற்ற வேண்டும், உச்சியில் மட்டைக்குள் புகுந்து நின்று இரண்டு கையாலும் வேலை செய்ய வேண்டும். இதற்கு ஏற்றதை எங்களால் வாங்கவும் முடியவில்லை, செய்யவும் முடியவில்லை. பொறியியல் பீடத்தில் படிக்கும் யாராவது இதை வாசித்தால் ஒருக்கா யோசியுங்கோ. ஐயாவிடம் கூட்டிப்போவது எங்கள் பொறுப்பு. ஆனால் அந்த வீட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

இனி ஏன் பெயர் இல்லை என்பது. எழுதச் சொன்னதே எங்கள் கூட்டாளிதான். "எழுதுங்கோ, ஆனா 'நாங்கள்' எண்டு எழுதுங்கோ. என்ர பேர் வந்தா இந்தக் கதையை ஒருத்தரும் வாசிக்கமாட்டினம், என்னைத்தான் வாசிப்பினம்." மற்ற இரண்டு பேருக்கும் பதில் வரவில்லை. இனி மூவரில் யாரைப் பார்த்தும் 'இவரோ?' என்று நினைக்கலாம். நினையுங்கோ. மூன்று பேருக்கும் பழகட்டும்.

வினாகிரியை மூன்று போத்தலாகப் பிரித்தோம். ஒன்று அந்த வீட்டில். மற்ற இரண்டும் மற்ற இரண்டு வீட்டுக்கும் போயின. இரண்டு வீட்டிலும் அச்சாறு போட்டார்கள், கடை வினாகிரியை விட நல்லம் என்றார்கள். எங்கே வாங்கினது என்று கேட்டார்கள். "கூட்டாளி வீட்டில செய்தது" என்றோம்.

"எந்த வீடு?"

ஒரு வீட்டில் சொல்லிவிட்டோம். அச்சாற்றுப் போத்தல் ஒரு கிழமை தொடப்படாமல் இருந்தது. பிறகு யாரோ தொட்டிருக்கிறார்கள், இப்போது பாதிதான் மிச்சம். மற்ற வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை அங்கே வாசிப்பார்கள்.