படகேறிப் போய்ப் பார்த்த படிப்பு

"கல்லு மண்ணு சுமக்கிறதுக்கு யூனிவர்சிட்டி எதுக்கு வாத்தியாரே?"

பெரட்டுக் களத்தில் என்னை நிறுத்தி இப்படிக் கேட்டார் என் பழைய மாணவியின் தகப்பனார். ஆறாம் ஆண்டு வரை என்னிடம் படித்த பெண். எஸ்டிபிஎம் தேர்வில் நன்றாகத் தேறி, பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கட்டுமான நிர்வாகம் படிக்க இடமும் கிடைத்துவிட்டது. ஆனால் கடிதம் சாமி படத்துக்குப் பின்னால் செருகியபடியே கிடந்தது.

காரணம் எனக்குத் தெரியும். அவருடைய தம்பி 2009இல் கோலாலம்பூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். யார் பொறுப்பு என்று கேட்டால் பெரிய குத்தகைக்காரர் சின்னக் குத்தகைக்காரரைக் கைகாட்டினார். சின்னவரோ ஆளையே காணோம். அன்றிலிருந்து அந்த வீட்டில் கட்டட வேலைப் பேச்சையே எடுப்பதில்லை.

"சேர்க்க வேண்டாம். ஒரு தடவை பார்த்துவிட்டு வருவோமே" என்றேன்.

ஒரு நாள் வெள்ளனவே பசியாறிவிட்டு மூவரும் சுங்கை பட்டாணியில் பஸ் ஏறினோம். பட்டர்வொர்த்தில் பெர்ரி. நான் சிறுவனாக இருந்தபோது காடிகளும் அதில் ஏறும். இப்போது ஆட்களும் இரு சக்கர வண்டிகளும்தான். தெற்கே 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலம் நீண்டு கிடந்தது. 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேலே.

"அப்பா, எந்தத் தூண் முதலில், எத்தனை ஆள், எந்தத் தேதிக்கு இரும்பு வரணும்னு ஒருத்தர் கணக்கு வச்சிருப்பாங்க இல்ல? அந்தப் படிப்புதான்" என்றாள் பெண். அவர் பதில் சொல்லவில்லை. கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பல்கலைக்கழகம் 1969இல் தொடங்கியது. இன்றிருக்கும் மிண்டன் மேடு முன்பு ஆங்கிலேயரின் ராணுவ முகாம். வீடமைப்பு, கட்டடம், திட்டமிடல் பள்ளி 1972இல் வந்தது. மரநிழலில் ஏற்றமும் இறக்கமுமாக நடந்து கால் வலி கண்டுவிட்டது எனக்கு. தோட்டத்துக்காரருக்கு அது ஒரு நடையே இல்லை.

அங்கே பேராக் தோட்டமொன்றிலிருந்து வந்து படிக்கும் மூத்த மாணவர் ஒருவர் எங்களைச் சுற்றிக் காட்டினார். சுவரில் ஒரு பெரிய அட்டவணை. இடப்பக்கம் வேலைகளின் பெயர். வலப்பக்கம் வாரக் கணக்கில் கோடுகள். எந்த வேலை ஒரு நாள் தாமதித்தால் முழுக் கட்டடமும் ஒரு நாள் தாமதிக்குமோ, அந்த வேலைகளுக்கு மட்டும் சிவப்புக் கோடு. மற்றவற்றுக்குக் கொஞ்சம் பொறுக்கலாமாம். (எங்கள் பள்ளியின் இணைக்கட்டடம் தூணோடு நின்று மூன்று மழைக்காலம் ஆகிறது. அங்கே எல்லாக் கோடுமே சிவப்புதான் போலும்!)

கான்கிரீட்டை அச்சில் வார்த்துக் கனசதுரக் கட்டிகளாக்கித் தண்ணீரில் போட்டு வைத்திருந்தார்கள். 28ஆம் நாள் எடுத்து இயந்திரத்தில் நசுக்கி, எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று பார்ப்பார்களாம். கலவை லாரி வழியில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். மாணவர் வாய் திறக்குமுன் தகப்பனார் முந்திக்கொண்டார்:

"ஒட்டுப்பால் ஆயிடும்!"

எல்லாரும் சிரித்துவிட்டோம். அதற்குப் பிறகுதான் மனிதர் பேச்சுக்கே வந்தார். மழை பெய்தால் என்ன செய்வீர்கள், ஆள் வராவிட்டால் யாரை அனுப்புவீர்கள் என்று மண்டோர் போலவே கேள்வி மேல் கேள்வி. கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தம்பி, சாரத்துக்கு யாரு பொறுப்பு?" என்றார்.

மாணவர் சிரிக்கவில்லை. "சாரம் தெரிந்தவர் ஒருவர் பரிசோதித்துக் கையெழுத்துப் போடணும், அதுக்குப் பிறகுதான் ஆள் ஏறணும், ஐயா. கையெழுத்து இருக்கான்னு பார்த்து, இல்லாவிட்டால் வேலையை நிறுத்துவது கட்டுமான இடத்து நிர்வாகியோட வேலை. 1994லேயே வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கு. அது இங்கே ஒரு பாடம்."

"நிறுத்தினா முதலாளி சும்மா விடுவானா?"

"திட்டுவாங்க, ஐயா. நிறுத்தத்தான் வேணும்."

அவர் மகளை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தார்.

திரும்பும்போது கடனுதவியைப் பற்றிப் பேச்செடுத்தேன். 1997இல் அமைந்த பிடிபிடிஎன் கல்விக்கடனைப் படிப்பு முடிந்த பிறகு மாதாமாதம் கட்டவேண்டும். பாரங்களை நானே நிரப்பித் தருகிறேன் என்றேன். பெற்றோர்களே, கடிதம் வந்ததும் முதலில் பதில் கொடுக்கவேண்டிய கடைசித் தேதியைப் பாருங்கள். இவருக்கு நான்கே நாள்தான் மீதியிருந்தது.

பெர்ரி கரையை நெருங்கும்வரை அவர் வாயே திறக்கவில்லை. இறங்குமுன் மகளிடம் கேட்டார்:

"அந்த விடுதியில கட்டில் இருக்காம்மா, இல்ல பாய் வாங்கணுமா?"