கொற்கையில் எடுத்த ஓடு

சங்க இலக்கிய வகுப்பில் கொற்கை என்னும் பெயர் வாராத பருவம் இல்லை. அகநானூற்றில் வரும், நற்றிணையில் வரும், ஐங்குறுநூற்றில் வரும். சிலம்பிலோ, மதுரை எரியுண்டபின் அரியணை ஏறிய வெற்றிவேற்செழியன் அதற்குமுன் இருந்த ஊராக வரும். பாண்டியரின் முத்துத் துறை என்றும், யவன மாலுமிகள் அறிந்திருந்த பட்டினம் என்றும் இருபது ஆண்டுகளாக நாமும் கரும்பலகையில் எழுதி வருகின்றோம்.

அவ்வாறு எழுதும் நாளில் நமது மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பானை ஓட்டை எடுத்து மாணவரிடையே சுற்றுக்கு விடுவது வழக்கம். உள்ளங்கை அளவினது, உட்புறம் கருமை, வெளிப்புறம் செம்மை. 2003-ஆம் ஆண்டு, ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காகப் பாண்டியர் துறைமுகங்கள் பற்றிக் குறிப்பெடுத்த நாளில், கொற்கைக்குத் தனியே சென்று தரையில் கிடந்ததை எடுத்து வந்தோம். "இரண்டாயிரம் ஆண்டுப் பழமையைக் கையில் ஏந்துகின்றீர்கள்" என்போம். வகுப்பு சற்று நேரம் பேச்சடங்கி இருக்கும். அந்த அமைதியில் நமக்கும் ஒரு பெருமிதம் உண்டு. இம்மலரைப் படிக்கும் முன்னாள் மாணவர் பலர் அவ்வோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களே. அவர்களுக்குச் சொல்லவேண்டியது ஒன்று இருத்தலின் இதனை எழுதுகின்றோம்.

இவ்வாண்டு துறை மாணவ மாணவியர் முப்பத்தெட்டுப் பேரை அழைத்துக்கொண்டு பொருநைக் கரை வழியே ஒருநாள் பயணம் சென்றோம். தொல்லியல் பயின்ற நண்பர் ஒருவர் உடன் வர இசைந்தார். ஓட்டையும் கைக்குட்டையில் பொதிந்து பையில் வைத்துக்கொண்டோம். பிறந்த மண்ணிலேயே அதனைக் காட்டவேண்டும் என்பது நமது ஆசை.

முதலில் ஆதிச்சநல்லூர். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், ஆற்றின் தென்கரையில், 114 ஏக்கர்ப் பரம்பு. 1876-இல் ஜெர்மானியரான யாகோர் இங்கே தோண்டி எடுத்தவை பெர்லினுக்குச் சென்றன. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த வெண்கலக் கலங்களும் இரும்புக் கருவிகளும் பொற்பட்டங்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை அடைந்தன. 2004-இல் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. இப்பொழுது அங்கே அகழாய்வுக் குழியின்மேல் கண்ணாடித் தளம் அமைத்திருக்கின்றனர். 2023-இல் அது திறக்கப்பட்டது. தாழிகள் எந்த ஆழத்தில் எந்தச் சாய்வில் இருந்தனவோ அவ்வாறே கிடக்க, நாம் மேலே நின்று காணலாம். கண்ணாடிமேல் கால் வைக்க அஞ்சிய பிள்ளைகள் சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தனர். இறந்தோர் உறங்கும் இடம் என்ற எண்ணமும் அவர்களுக்கு இருந்திருக்கலாம், நாம் கேட்கவில்லை.

நண்பர் அங்கே ஒரு செய்தியை விளக்கினார். அகழாய்வில் நிலத்தைச் சதுரங்களாகப் பகுப்பர். சதுரங்களுக்கிடையே தோண்டாது விட்ட மண்சுவரில், மண் நிறம் மாறும் இடந்தோறும் கோடிட்டு அடுக்குகளை எண்ணுவர். மேலடுக்குப் பிந்தியது, கீழடுக்கு முந்தியது. கிடைக்கும் ஒவ்வோர் ஓட்டையும் கழுவி உலர்த்தி, எந்தக் குழி, எந்த அடுக்கு, எத்தனை சென்டிமீட்டர் ஆழம் என மையால் அதன் மேலேயே எழுதுவர். "ஓட்டைவிட அந்த எழுத்துத்தான் விலைமதிப்புடையது. அது இல்லாவிட்டால் ஓடு வெறும் ஓடு" என்றார். மாணவர் குறிப்பெடுத்துக்கொண்டனர். நாம் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டோம்.

கொற்கையை அடையும்போது வெயில் ஏறியிருந்தது. பேருந்தைவிட்டு இறங்கிய பிள்ளைகள் மதிலையும் மாளிகையையும் தேடினர். இருந்தவை ஒரு சிற்றூர், ஒரு குளம், அதனுள் வெற்றிவேல் செழிய நங்கை கோயில், கண்ணுக்கெட்டியவரை வாழை. ஈராயிரம் ஆண்டு வயதுடையது என ஊரார் சொல்லும் வன்னி மரம் ஒன்று உடல் முறுக்கிச் சாய்ந்து நிற்கின்றது. கடலோ ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. கடலைத் துரத்தியது பொருநைதான். மலையிலிருந்து சுமந்துவந்த வண்டலை ஆண்டுதோறும் முகத்துவாரத்தில் கொட்டிக் கொட்டித் துறைமுகத்தை வயலாக்கிவிட்டது. கொற்கையை வாழவைத்த ஆறே அதனை முடித்தும் வைத்தது. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கு மண்ணைத் தோண்டிப் பார்த்து இதனை உணர்ந்தவர். 1968-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டு ஒன்று கி.மு. 785 அளவினது எனக் கணிக்கப்பட்டது. 2021-இல் மீண்டும் அகழ்ந்தனர். செங்கல் கட்டுமானமும் துளையிட்ட சுடுமண் குழாயும் வெளிப்பட்டன. அக்குழிகளைத் தேடிய மாணவருக்கு மூடப்பட்ட நிலமே காணக்கிடைத்தது.

கண்கள் தாமாகவே தரையைத் துழாவின. வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சிரித்தார்.

"என்ன பாய், எல்லாருமா கீழேயே பாத்துட்டு நடக்கீய? எதுவும் தொலைஞ்சு போச்சா?"

ஓடு தேடுகின்றோம் என்றோம்.

"குழி வெட்டுனா ஓடுதான் வரும். வாழை வைக்க முடியாம அள்ளி வரப்புல போடுவோம். எங்க தாத்தா காலத்துலயும் அப்படித்தான்" என்றார்.

வரப்பில் உண்மையிலேயே கிடந்தன. அவற்றில் ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் இட்டுக்கொண்ட மாணவனை நண்பர் கண்டார். கடிந்துகொள்ளவில்லை, "எடுத்த இடத்திலேயே வைத்துவிடு, தம்பி" என்று மட்டும் சொன்னார். அவனும் வைத்துவிட்டான். அந்த வேளையில் நாம் நமது கைக்குட்டையை அவிழ்த்திருக்கக்கூடாது. அவிழ்த்தோம். இருபதாண்டுப் பழக்கம் அவ்வளவு எளிதில் விடுவதில்லை. வன்னி மரத்தடியில் பிள்ளைகளை அமரவைத்து, ஓட்டை உயர்த்திப் பிடித்து, வழக்கமான சொற்களைத் தொடங்கினோம்.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள். வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை. "ஐயா, இது எந்தக் குழியில், எந்த அடுக்கில் கிடைத்தது?" என்றாள். குறும்பு சிறிதும் இல்லை. காலையில் கேட்டதை நினைவில் வைத்துக் கேட்டாள், அவ்வளவே.

"குழியில் இல்லை அம்மா, தரையில் கிடந்தது."

"எந்தத் தோட்டத்தில், ஐயா?"

சுற்றிலும் பார்த்தோம். எல்லாத் திசையிலும் ஒரே வாழை. இருபத்திரண்டு வயதில் குனிந்து எடுத்த அந்த இடம் நினைவின் எந்த மூலையிலும் இல்லை. "நினைவில்லை" என்றோம்.

நண்பர் நமக்குத் துணைவர எண்ணி ஓட்டைக் கையில் வாங்கினார். ஆனால் அவர் சொன்னது துணையாக அமையவில்லை. கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுடுகையில் உள்ளே காற்று எட்டாமையால் கருமையும், வெளியே காற்றுப் படுதலால் செம்மையும் உண்டாகும். இதனைக் கருப்பு சிவப்புப் பானை என்பர். இரும்புக் காலந்தொட்டுக் கிறித்துவுக்குப் பிந்திய முதல் சில நூற்றாண்டுகள் வரை இவ்வகை வழக்கில் இருந்தது. அடுக்குத் தெரியாமல் இவ்வோடு ஒன்றைக்கொண்டு காலம் சொல்லுதல் இயலாது. அப்படியாயின் நாம் சொல்லிவந்த இரண்டாயிரம்? அது கொற்கையின்பால் நமக்கிருந்த அன்பு சொன்ன எண், ஓடு சொன்னதன்று. ஏறத்தாழ இருபது அணி மாணவருக்கு அதனைப் பாடமாகச் சொல்லியிருக்கின்றோம்.

பிற்பகலில் பொருநையில் ஒளுச் செய்து, கரை மரநிழலில் லுஹர் தொழுதுவிட்டுப் பழைய காயல் சென்றோம். கொற்கையைக் கடல் கைவிட்டபின் முகத்துவாரத்தை ஒட்டித் தழைத்த துறைமுகம் அது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றிய கலங்கள் இங்கு அணைந்ததை எழுதியுள்ளார். காயலையும் பின்னர் வண்டல் மூடியது. பாண்டியநாட்டுக் கடற்கரையில் அரபு வணிகர் வாழ்ந்ததும் மணந்ததும் மரக்காயர் மரபு தழைத்ததும் நம் பெரியோர் மலர்தோறும் எழுதும் செய்தி. நாமும் எழுதியுள்ளோம், சில வேளை சான்றைவிட ஒருபிடி கூடுதலாகவே எழுதியுள்ளோம் என்பதை அன்று மாலை உப்பளக் காற்றில் நின்றபோது ஒப்புக்கொள்ளத் தோன்றியது. கால்டுவெல் காயலின் வெளியெங்கும் சீனப் பீங்கான் உடைசல்கள் சிதறிக் கிடக்கக் கண்டார். அவற்றைத் தேடிக் குனியும் துணிவு நமக்கு அன்று வரவில்லை. மாணவர் குனிந்து பார்த்தனர், எவரும் எடுக்கவில்லை.

வீடு சேர இரவு பத்து மணி. உண்ணாமல் பரண்மேல் ஏறிப் பெட்டிகளை இறக்கிய நம்மைப் பார்த்து உம்மா, "இந்நேரத்தில் என்ன வாப்பா தேடுகிறாய்?" என்று கேட்டார்கள். 2003-ஆம் ஆண்டுக் குறிப்பேடு கிடைத்தது. கொற்கை சென்ற நாளுக்கு ஒருபக்கம் எழுதியிருந்தோம். ஏரலில் பேருந்துக்குக் காத்திருந்தது, குடித்த தேநீரின் விலை, செருப்பு அறுந்தது, சிலம்பை எண்ணி உள்ளம் உருகியது என எல்லாம் இருந்தன. ஓட்டைப் பற்றி ஒரே வரி: குளக்கரையில் இறங்கித் தோட்டங்கள் வழியே வன்னி மரம் நோக்கி நடக்கையில் ஓர் ஓடு கிடைத்தது.

நண்பருக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினோம். "குளத்துக்கும் மரத்துக்கும் இடையில் என்றாவது ஆகிறதே. அதை எழுதி வையுங்கள். அதற்குமேல் ஒருசொல்லும் எழுதாதீர்கள்" என்றார்.

திங்கட்கிழமை அம்மாணவியைத் துறைக்கு அழைத்து, ஓட்டையும் மெல்லிய தூரிகையையும் கருமையையும் கொடுத்தோம். அவள் எழுத்து நமதைவிடத் தெளிவானது. உட்புறக் கருமையில் மை தெரியாதாகையால் வெளிப்புறச் செம்மையில், ஓரமாக, நாம் சொல்லச் சொல்ல எழுதினாள்: கொற்கை. குளத்துக்கும் வன்னி மரத்துக்கும் இடையில். மேற்பரப்பு. அடுக்கு இல்லை. காலம் தெரியாது. 2003.

மை உலர ஊதிவிட்டு நிமிர்ந்தாள்.

"எடுத்தவர் பெயரையும் எழுதட்டுமா, ஐயா?"

இடமிருந்தால் எழுது என்றோம். இடம் இருந்தது.