ஆயுத பூசையன்று இயங்காத கணினி

கோவையிலிருந்து பொள்ளாச்சி செல்லும் நெடுஞ்சாலையில், கிணத்துக்கடவை நெருங்கும்போதே பொன்மலையும் அதன்மேல் எழுந்தருளியுள்ள வேலாயுதசுவாமியின் திருக்கோயிலும் கண்ணில் படும். அம்மலை தெரியும் தெரு ஒன்றில், ஆயுத பூசையன்று மாலை, விளக்கேற்றிய வீட்டில் எவர் முகத்திலும் ஒளியில்லை.

அவ்வீட்டுப் பெண் பொறியியல் படித்தவள். இயந்திர பாகங்களுக்கு வீட்டிலிருந்தே வரைபடம் தயாரித்துத் தரும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. கணினி அவளுடையதாக இருக்கவேண்டும். வரும் திங்களன்று பணியில் சேரவேண்டும். கணவரை இழந்தபின் காய்கறி மண்டியில் கணக்கெழுதி வந்த தாயார், சீட்டுப் பணம் 42,000 ரூபாயை எடுத்துக் கொடுத்தார். அதே தொகைக்கு வலிமை மிக்க கணினியைப் பெறலாம் என்று எண்ணிய மகள், காந்திபுரத்தில் பாகங்களை வாங்கிவந்து தன் கையாலேயே பூட்டினாள். பெரியம்மாவுக்கு அது அப்போதே பிடிக்கவில்லை.

தீபாராதனை முடிந்து பொத்தானை அழுத்தினாள். உள்ளிருந்த விசிறி ஒரு கணம் அசைந்து நின்றுவிட்டது. மறுமுறை அழுத்தியபோது அந்த அசைவும் இல்லை. மின்சாரத்தை நிறுத்தி, சற்றுப் பொறுத்து அழுத்தினால் மீண்டும் அதே ஒரு கண அசைவு.

"நல்ல நாள்ல இப்படி ஆச்சுன்னா சாமிக்கு விருப்பமில்லைன்னுதானே அர்த்தம்?" என்றார் பெரியம்மா.

தாயார் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனமே மகளை அதிகம் சுட்டது. விலையுயர்ந்த சில்லைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்று உறுதியாக நம்பிய அவள், பொரியும் சுண்டலும் தொடாமல் அமர்ந்திருந்தாள்.

இரவு, தோட்டத்திலிருந்து அப்புச்சி வந்தார். நாற்பது ஆண்டுகளாகக் கிணற்று மோட்டாரோடும் ஆழ்குழாய் மோட்டாரோடும் மல்லுக்கு நின்றவர், கணினியைத் தொட்டதில்லை.

"சாமிய எதுக்கம்மா இழுக்கறே?" என்று மூத்த மகளை அடக்கிவிட்டு, மேசை விசிறியை அதே பிளக்கில் செருகிப் பார்த்தார். அது நன்றாகச் சுழன்றது. பேத்தியிடம் நடந்ததைச் சொல்லச் சொன்னார். இத்தகைய விஷயங்களில் முதியவர்களின் பேச்சைக் கேட்க இளையவர்களுக்குப் பொதுவாகப் பொறுமை இருப்பதில்லை. அன்று அவளுக்கு வேறு வழியில்லை.

"மோட்டார் ஒரு உதறு உதறி நின்னா, கரண்டு வரலைன்னு அர்த்தமில்லே அம்மிணி. எங்கியோ தொடுது; ஸ்டார்ட்டர் தூக்கி விட்டுருது. தூக்கி விடலைன்னாத்தான் காயில் போயிரும்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர் சொன்னது கணினிக்கும் பொருந்தும். 1995இல் வகுக்கப்பட்ட ஏ.டி.எக்ஸ். முறையில், முகப்பிலுள்ள பொத்தான் வீட்டு விளக்கின் சுவிட்சைப் போன்றதன்று. அது மதர்போர்டுக்கு ஒரு குறிப்பு மட்டுமே தருகிறது. மதர்போர்டு கேட்ட பிறகே பவர் சப்ளை, 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றி முழு அளவில் அனுப்புகிறது. எங்கேனும் குறுக்குத் தொடர்பு இருந்தால் நொடிக்குள் தன்னை நிறுத்திக்கொள்ளும். எனவே விசிறி அசைந்தது பொத்தானும் பவர் சப்ளையும் உயிரோடு இருப்பதற்கான சாட்சி.

"அப்போ போர்டு எரிஞ்சிருக்காதுங்களா அப்புச்சி?"

"தொடற எடத்தைத் தேடு கண்ணு. அப்புறம் அழுதுக்கலாம்."

பெரியம்மாவுக்குக் குங்குமத்தின்மேல் சந்தேகம் எழுந்தது. பொட்டு பெட்டியின் வெளிப்புறத்தில்தான் இருந்தது. (கணினிக்குச் சந்தனம் வைப்போர் வெளிப்புறத்தோடு நிறுத்திக்கொள்வது நலம், ஈரம் உள்ளே போகலாகாது.)

மறுநாள் விஜயதசமி. விடிந்ததும் அவள் பிளக்கைப் பிடுங்கி, எஞ்சிய மின்னூட்டம் வடியப் பொத்தானை அழுத்திவிட்டு, எல்லாவற்றையும் கழற்றினாள். மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டியின்மேல் வைத்து, புராசஸரையும் அதன் விசிறியையும் ஒற்றை ராம் பலகையையும் மட்டும் விட்டுவைத்தாள். 24 பின் செருகியையும், புராசஸருக்கான 8 பின் செருகியையும் அழுத்திப் பொருத்தினாள். பொத்தான் வயர் செருகும் இரு பின்களைத் திருப்புளி முனையால் ஒரு கணம் இணைத்தாள். விசிறி சுழன்றது, நிற்கவில்லை. திரையில் எழுத்துகள் தோன்றின. தாயார் அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தார்.

அப்படியென்றால் குற்றம் பெட்டியில்தான். வெறும் பெட்டியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது விளங்கிற்று. அது 305 மில்லிமீட்டர் நீளமுள்ள ஏ.டி.எக்ஸ். பலகைக்கும் ஏற்றது, பலகையைத் தாங்கும் பித்தளைக் குமிழ்கள் அதற்கேற்பப் பொருத்தப்பட்டிருந்தன. அவள் வாங்கியதோ 244 மில்லிமீட்டர் சதுரமான சிறிய பலகை. அதில் துளையே இல்லாத இடத்தில் ஒரு குமிழ் நின்று, பலகையின் அடியிலுள்ள ஈயப் பற்றுகளைத் தொட்டுக்கொண்டிருந்தது. பூட்டும்போது துளைகளை எண்ணியவள் குமிழ்களை எண்ணவில்லை.

குறட்டால் அதைத் திருகி எடுத்தாள். நண்பகலுக்குள் கணினி முழுதாகப் பூட்டப்பட்டு ஓடியது. பெரியம்மா பொன்மலைக்குப் போய் அர்ச்சனைத் தட்டோடு திரும்பி, திருநீற்றைப் பேத்தியின் நெற்றியில் தாமே இட்டார். முந்தைய நாள் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

அப்புச்சி அந்தப் பித்தளைக் குமிழை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, எதற்காவது ஆகும் என்று, மோட்டார் அறையின் ஆணி டப்பாவில் போட்டுவைக்க மடியில் முடிந்துகொண்டார்.