தகட்டுக் கூரையின் கீழ்

பெரும்பாணாற்றுப்படையில் உமணர்களின் உப்பு வண்டி வருகிறது. அதன் கூரை ஆரையால் வேயப்பட்டிருப்பதைப் புலவர் சொல்லாமல் விடவில்லை. குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு வெயிலில் நெடுந்தொலைவு செல்பவர்களுக்குச் சக்கரத்துக்கு அடுத்த கவலை கூரைதான். பழைய வேன் ஒன்றை வாங்கி, உரிய அனுமதி பெற்று, இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் படுக்கை அமைக்கத் தொடங்கியபோது எங்கள் இருவருக்கும் அதுவே முதற்கவலை ஆயிற்று.

அம்மாவுக்கு 74 வயது, நெடுநாளைய ஆஸ்துமா. விடுதி அறைகளின் ஈரச் சுவரும் தூசிக் கம்பளியும் அவருக்கு ஆகா. இருமுறை ஊர் போய்ச் சேர்ந்த இரவே மருத்துவமனைக்கு ஓட நேர்ந்தது. அதன்பின் 'நீங்கள் போய்வாருங்கள்' என்று சொல்லப் பழகிக்கொண்டார். தம் படுக்கை தம்மோடு வருமென்றால் வருவாரா என்று கேட்டோம். ராமேசுவரம் என்றார். சற்று நேரம் கழித்து, கொடைக்கானல் என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்த இரண்டு ஊர்ப்பெயர்களில்தான் சிக்கல் முழுவதும் இருந்தது.

இரும்புத் தகடு தெர்மாகோலைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே சித்திரை நண்பகலில் கூரைக்கு அடியில் ஏதேனும் ஒன்றைப் பரப்பியே ஆகவேண்டும். ஆனால் எந்த வெப்பக்காப்பும் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. வெப்பத்தின் வரவைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. வெறுந்தகடு அந்திக்குப் பிறகு விரைவில் குளிர்ந்துவிடும். காப்பிட்ட வேனோ உள்ளே புகுந்த வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. கூரையில் காற்றுப்போக்கியும் வெளியே மரநிழலும் இல்லையெனில் மிக உயர்ந்த பொருளாலும் பயனில்லை.

வெப்பத்தைவிட நுட்பமான எதிரி ஈரம். குளிர்நாட்டவர் எழுதும் குறிப்புகள் மூச்சின் நீராவி தகட்டைத் தொடாதபடி உட்புறத்தில் ஒரு தடுப்பு இடச் சொல்கின்றன. கொடைக்கானல் இரவுக்கு அது பொருந்தும். ராமேசுவரத்தில் குளிர்சாதனம் ஓடினால் கதை தலைகீழ்: கடற்காற்றின் ஈரம் வெளியிலிருந்து உள்நோக்கி வந்து, பலகைக்குப் பின்னால் நீராகும். கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்தில் முதலில் பூஞ்சை, பிறகு துரு. பூஞ்சை என்றால் எங்கள் வீட்டில் அம்மாவின் மூச்சு என்று பொருள்.

இந்த ஒரே உரைகல்லில் எல்லாவற்றையும் உரைத்துப் பார்த்தோம். கண்ணாடி இழைக் கம்பளி மலிவு. ஆனால் நனைந்தால் பயன் குன்றும், சாலையின் குலுக்கலில் சரியும், இழை உதிர்ந்தால் தொண்டையை உறுத்தும். தேங்காய் நார் மனத்துக்கு நெருக்கமானது. அதன் தூசியை அம்மாவே வேண்டாமென்றார். தெர்மாகோல் வளைந்த பக்கச் சுவர்களுக்கு வளையாது, ஓட்டத்தில் கிறீச்சிடும், தீப்பிடித்தால் கரும்புகை கக்கும். பளபளக்கும் அலுமினியத் தாள், தனக்கு முன்னால் காற்று இடைவெளி இருந்தால்தான் வெப்பக் கதிர்களைத் திருப்பி அனுப்பும். இரு பலகைகளுக்கு நடுவே நசுக்கி வைத்தால் வெறும் தாள். தெளிக்கும் பாலியூரித்தேன் நுரை தடுப்பாற்றலில் இவை அனைத்தையும் வெல்லும். ஆனால் தெளிக்கும்போது எழும் ஐசோசயனேட் ஆவி ஆஸ்துமாவையே உண்டாக்கவல்லது. ஒருமுறை ஒட்டிவிட்டால் பெயர்த்தெடுக்கவும் இயலாது. பிடிக்காவிட்டால் கழற்றி எறிய முடியாத ஒன்றை அவர் தலைமாட்டில் வைக்க எங்களுக்கு மனம் துணியவில்லை.

எஞ்சியது, குளிர்சாதனக் குழாய்களின்மேல் சுற்றப்படும் கறுப்பு நைட்ரைல் ரப்பர். மூடிய நுண்ணறைகள் கொண்டது, வளைவுக்கு வளையும், இழை உதிராது. கண்ணாடி இழைக் கம்பளியிலும் இதிலும் ஒவ்வொரு துண்டை வாளி நீரில் அமுக்கி ஒரு வாரம் வைத்தோம். கம்பளி நீரைக் குடித்துக் கனத்தது. ரப்பர் துண்டைத் துடைத்ததும் பழைய எடைக்கே வந்தது. சுவர்களிலும், தகட்டின் விலா எலும்புகள் போன்ற குறுக்குச் சட்டங்களின் மீதும் அதையே ஒட்டினோம். சட்டங்களை மூடாமல் விட்டால் வெப்பம் அவற்றின் வழியாகவே உள்ளே வந்துவிடும். தட்டையான கூரைக்கு மட்டும் நெருக்கமாக வார்க்கப்பட்ட பாலிஸ்டிரீன் பலகை. ரப்பர் பசையின் கரைப்பான் அந்தப் பலகையை அரித்துவிடும் என்பதால் அதற்கு நீரில் கரையும் பசை.

பசையின் நெடி போகவென்று கதவுகளைத் திறந்துபோட்டு மூன்று வாரங்கள் ஆயின. எங்கள் மூக்குக்கு எதுவும் தெரியவில்லை. அம்மா ஏறி, படுக்கையின் ஓரத்தில் சிறிது நேரம் அமர்ந்திருந்தார். "இன்னும் ஒரு வாரம் போகட்டும்" என்று இறங்கிவிட்டார். நான்காவது வாரம் நடந்துகொண்டிருக்கிறது.