போர்வை விற்ற காசு

வழக்குகளில் என் கவனத்தை இழுப்பது தீர்ப்பைவிடச் செலவுதான். யார் கைப்பணம் எங்கே போயிற்று என்று பார்த்தால் வழக்கின் கதை பாதி விளங்கிவிடும். வரப்புத் தகராறுக்காக வயலையே விற்றவர்கள் நம் ஊர்களில் உண்டு. அவர்களைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். தன் வரப்புக்காக இல்லாமல், ஊருக்காக ஒருத்தி பண்ணையை அடமானம் வைத்தால்?

அப்படிச் செய்தவர் காரி டிக்கர்ஸன் என்ற அமெரிக்க அம்மாள். ஒக்லஹோமா மாகாணத்தில் கிளேர்மோர் என்ற ஊர்ப்பக்கம் முதியோர் பராமரிப்பு விடுதி நடத்தி வந்தவர், நர்ஸ். 1973-ல், இனோலா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் 'பிளாக் ஃபாக்ஸ்' என்ற அணுமின் நிலையம் கட்டப் போவதாக மின்சாரக் கம்பெனி ஒன்று அறிவித்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

அமெரிக்கச் சட்டம் பார்வைக்கு நல்ல சட்டம். 1954-ம் வருஷத்து அணுசக்திச் சட்டப்படி, லைசென்ஸினால் பாதிக்கப்படக் கூடியவர் கேட்டால் விசாரணை உண்டு. கட்சியாகச் சேரலாம், சாட்சி கொண்டு வரலாம், குறுக்கு விசாரணையும் செய்யலாம். ஆனால் கம்பெனி இஞ்சினீயரைக் குழாயைப் பற்றியும் பற்றவைப்பைப் பற்றியும் மடக்கிக் கேட்க இன்னொரு இஞ்சினீயர் வேண்டும். அவருக்கு ரயிலோ விமானமோ வேண்டும். வக்கீல் வேண்டும். 1972-73-ல் உலையின் அவசரக் குளிர்விப்பு ஏற்பாடுகளைப் பற்றி மட்டும் ஒரு விசாரணை நடந்தது. அதில் பேசியதை எழுதிவைத்த பக்கங்களே இருபதாயிரத்துக்கு மேல். அதைப் படிக்கிறவர் வேறு வேலை பார்க்க முடியுமா?

காரி அம்மாள் போர்வை தைத்தார். நம் பாட்டிமார் பழம்புடவைகளை அடுக்கித் தைப்பார்களே, அதற்கு ஒன்றுவிட்ட சகோதரி இது. துண்டுத் துணிகளைக் கோலம்போல் ஒட்டுப்போட்டுத் தைப்பது. அவற்றைக் குலுக்கலுக்கு வைத்துச் சீட்டு விற்று வக்கீலுக்குக் கொடுத்தார். போதவில்லை. சேமிப்பு கரைந்தது, பண்ணை அடமானத்துக்குப் போயிற்று.

எதிரே இருந்தவர்களின் செலவையும் பார்க்க வேண்டும். கம்பெனி வக்கீலின் கூலி கடைசியில் மின்சாரக் கட்டணத்தில் ஏறி, விளக்குப் போடுகிறவர்கள் தலையில் விடிகிறது. அணுசக்தி ஒழுங்குமுறைக் கமிஷனின் அதிகாரிகளுக்கு வரிப்பணம். ஆக, அந்த அறையில் சொந்தக் காசைச் செலவழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் இந்த அம்மாள் பக்கத்தினர் மட்டும்தான்.

இதை யாரும் கவனிக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. 1974-ல் பழைய அணுசக்திக் கமிஷனைப் பிரித்தபோது, இப்படிப்பட்டவர்களுக்குச் செலவு கொடுக்கலாம் என்று எட்வர்ட் கென்னடி கொண்டுவந்த திருத்தத்தை செனட் ஏற்றது; இரண்டு சபைகளும் சேர்ந்து பேசியபோது அது உதிர்ந்துவிட்டது. 1976-ல் புதிய கமிஷனே யோசித்துப் பார்த்து, வேண்டாம் என்றது. பிறகு காங்கிரஸ், செலவு மசோதாக்களில் ஒரு வரி சேர்த்துத் தடுத்தது. 1992-ல் அந்தத் தடையை நிரந்தரமாக்கியது.

மறுப்பவர்களின் வாதம் முழுக்க அசட்டுத்தனம் அல்ல. பத்துக் கோஷ்டி வந்து நின்றால் யாருக்குக் கொடுப்பது? இழுத்தடிப்பதற்கே வருகிறவனுக்கும் சர்க்கார் படியளக்க வேண்டுமா? நியாயமான கேள்விகள்தான். ஆனால் "பொதுஜனத்துக்காகத்தான் எங்கள் அதிகாரிகள் இருக்கிறார்களே" என்கிற வாதம் எனக்குச் செரிக்கவில்லை. டெக்ஸஸில் கொமாஞ்சி பீக் நிலையத்தை எதிர்த்து ஹுவானிட்டா எல்லிஸ் என்ற குடும்பப் பெண் வருஷக்கணக்கில் வாதாடினார். அவருடைய சங்கம் குழாய்களின் தாங்கிகளைப் பற்றிக் கிளப்பிய கேள்விகளுக்குப் பிறகு, 1983 டிசம்பரில் விசாரணை போர்டு, டிசைனின் தரத்தைக் கம்பெனி நிரூபிக்கவில்லை என்று சொல்லிவிட்டது. அதிகாரிகள் இருந்தும் அந்தக் கேள்விகளைக் கேட்க வெளியார் வேண்டியிருந்தது.

அவருக்குப் பணம் கிடைத்தது, 1988-ல். கொடுத்தது கம்பெனி. சங்கத்தின் செலவுக்காகச் சுமார் 45 லட்சம் டாலர்; நிலையத்தை மேற்பார்க்கும் குழுவில் ஓர் இடம். சங்கம் வழக்கைக் கைவிட்டது, விசாரணை முடிந்தது. கூட இருந்தவர்களில் சிலர் துரோகம் என்றார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. பொதுப் பணத்திலிருந்து ஒரு காசும் வராது என்று கதவைச் சாத்திவிட்டால், எதிராளியின் கை ஒன்றுதானே மீதி? அந்தக் கை சும்மா நீளுமா?

பிளாக் ஃபாக்ஸைக் கம்பெனி 1982 பிப்ரவரியில் கைவிட்டது. அதற்கு எதிர்ப்பு ஒன்றே காரணம் அல்ல. 1979-ல் திரீ மைல் ஐலண்டு விபத்து நடந்தது, கட்டுமானச் செலவும் ஏறிக்கொண்டே போயிற்று. காரி அம்மாள் 2006-ல் காலமானார்.

பக்கத்து நாடான கனடாவில், அணு பாதுகாப்புக் கமிஷன் 2011 முதல் இதற்கென்று ஒரு நிதி வைத்திருக்கிறது. குடிமக்களும் பூர்வகுடிகளும் மனுப் போட்டு நிபுணரை அமர்த்திக் கொள்ளலாம். யாருக்கு எவ்வளவு என்பதைக் கமிஷனுக்கு வெளியே உள்ள குழு ஒன்று பார்த்துச் சொல்கிறது; செலவை லைசென்ஸ்காரர்களிடமிருந்து வசூலித்துக் கொள்கிறார்கள். இதனால் வேலை நின்றுவிட்டதா என்றால், இல்லை. 2025 ஏப்ரலில் டார்லிங்டனில் புதிய உலை கட்ட லைசென்ஸ் கொடுத்தார்கள். எதிர்த்தவர்களையும் உட்காரவைத்துக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்கள்.